மருந்துக்கு அடங்காத ஆஸ்பத்திரிக் கிருமியும் மலையகத் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டக் குடிநீர்த் திட்டங்களைப் பார்த்துக்கொள்பவர்கள், ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்கள், மரக்கறி செய்பவர்கள், வீட்டில் நோயாளியை வைத்துப் பராமரிப்பவர்கள் ஆகியோருக்கு எழும் கேள்விகள் இவை.

"மருந்துக்கு அடங்காத" கிருமி என்றால் மற்றக் கிருமியை விடக் கொடியதா?

பெரும்பாலும் இல்லை. சாதாரண ஈ.கோலையும் (குடலில் வாழும் ஒரு பற்றீரியா) மருந்துக்கு அடங்காத ஈ.கோலையும் தருவது ஒரே சிறுநீர்த் தொற்றைத்தான். வித்தியாசம் சிகிச்சையில் தெரியும். முதலாவதுக்கு மாத்திரை போதும். இரண்டாவதுக்கு வாட்டில் படுத்து ஊசி ஏற்ற வேண்டி வரலாம். அதுவும் பலிக்காமல் போகலாம். 2019இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 12.7 இலட்சம் மரணங்களுக்கு இந்த எதிர்ப்பே நேரடிக் காரணம் என்று 2022இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது.

கீழே இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஈ.எஸ்.பி.எல். என்பது செஃப்ட்ரியாக்ஸோன், செஃபோடாக்ஸிம் போன்ற ஊசி மருந்துகளைச் சிதைக்கும் நொதியம். கார்பபெனமேஸ் அதற்கும் மேலே. மெரோபெனம் போன்ற கடைசிக்கட்ட மருந்தையே சிதைத்துவிடும். என்.டி.எம்.-1 இந்த வகையைச் சேர்ந்தது. இந்த நொதியங்களை உண்டாக்கும் மரபணு பல நேரம் பிளாஸ்மிட் என்ற சிறிய டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. ஒரு பற்றீரியா அதைப் பிரதி எடுத்துப் பக்கத்தில் உள்ள வேறு இனப் பற்றீரியாவுக்கும் கொடுக்க வல்லது. ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிருமி ஓடையில் செத்தாலும், சாகுமுன் கைமாற்றிய மரபணு அங்குள்ள கிருமிகளில் தங்கிவிடலாம்.

வாட்டுக்குள் இருக்க வேண்டியது வெளியே எப்படி வருகிறது?

முக்கியமான வழி மலம்தான். அன்டிபயோட்டிக் ஏற்றப்படும் நோயாளியின் குடலில் மருந்துக்கு அடங்கிய கிருமிகள் சாக, அடங்காதவை பெருகுகின்றன. அவை கழிவறை வழியாக வெளியேறுகின்றன. கூடவே மருந்தும் போகிறது: விழுங்கிய அமொக்ஸிசிலினில் பாதிக்கு மேல் உருமாறாமலே சிறுநீரில் வந்துவிடும். பெனிசிலின் குடும்பம் தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும். சிப்ரோஃப்ளோக்ஸசின் அப்படியல்ல, சேற்றில் ஒட்டிக்கொண்டு நீண்ட நாள் கிடக்கும். கிருமியைக் கொல்லப் போதாத சிறு அளவு மருந்துகூட, எதிர்ப்புள்ள கிருமிக்குச் சாதகமாகவே வேலை செய்யும்.

இரண்டாவது வழி, பலர் கவனிக்காத கைகழுவும் தொட்டி. அதன் அடியில் வளைந்திருக்கும் குழாயில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். அங்கே கிருமிகள் வழுவழுப்பான படலமாகப் படிந்து வளரும். ஆய்வுகூடத்தில் அளந்தபோது, இந்தப் படலம் வளைவிலிருந்து மேலே சல்லடை வரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர் வேகத்தில் ஏறியது. குழாய் நீர் நேராகச் சல்லடையில் விழுந்தால் கிருமி சுற்றிவரத் தெறிக்கும். ஆகவே தொட்டிக்குப் பக்கத்தில் ஊசி மருந்து தயாரிக்கக் கூடாது. மீந்த சேலைன், பால், தேநீர், மீந்த அன்டிபயோட்டிக் கரைசல் எதையும் அதில் ஊற்றக் கூடாது. குளுக்கோஸ் கலந்த சேலைனும் பாலும் அந்தப் படலத்துக்குத் தீனி.

மூன்றாவது, வீட்டுக்குத் திரும்பும் நோயாளி. நான்காவது, சரியாக அவிக்கப்படாத ஆய்வுகூடக் கழிவு. கடைசி இரண்டுக்கும் தனியாகப் பதில் கீழே உண்டு.

அப்படியென்றால் ஆஸ்பத்திரிதான் குற்றவாளியா?

ஒரு பகுதிக்கு மட்டும். ஒரு கட்டிலுக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 400 லீற்றர் வரை கழிவுநீர் வரும் என்று கணக்கிடுவது வழக்கம். 100 கட்டில் உள்ள ஆஸ்பத்திரியிலிருந்து 20,000 முதல் 40,000 லீற்றர். கீழே உள்ள நகரத்தின் மொத்தக் கழிவோடு பார்த்தால் இது சிறிய அளவு. ஈ.எஸ்.பி.எல். ஈ.கோலை இன்று ஊரிலும் சாதாரணமாகக் கிடைக்கிறது: வீட்டு மலக்குழியில், கோழி எருவில், நகரத்துக் கானில்.

ஆனால் மெரோபெனம், வன்கோமைசின் போன்றவை வீட்டு அலுமாரியில் இருப்பதில்லை. அவற்றைத் தாங்கும் கிருமி உருவாகிக் குவியும் இடம் ஆஸ்பத்திரிதான். அதனால் ஆஸ்பத்திரிக் கழிவை அளவை வைத்து எடைபோடுவது தவறு. கைநழுவினால் என்ன நடக்கும் என்பதற்குப் புது டில்லி உதாரணம். என்.டி.எம்.-1 முதன்முதலில் 2008இல் ஒரு நோயாளியிடம் அடையாளம் காணப்பட்டது. 2011இல் வெளியான ஆய்வில், டில்லித் தெருக்களில் தேங்கியும் கசிந்தும் கிடந்த நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51இலும், குழாய் நீர் மாதிரிகள் 50இல் 2இலும் அந்த மரபணு இருந்தது.

மலையகத்துக்கு இதில் என்ன விசேஷம்?

சரிவு. சமதரையில் ஒரு வீட்டு மலக்குழி கசிந்தால் அந்த வீட்டுக் கிணறு கெடும். இங்கே மேல் லயத்தின் குழி கசிந்தால் கெடுவது கீழ் லயத்தின் பீலி (ஊற்று நீர் பிடிக்கும் இடம்). பாறைக்கு மேலே மண் ஆழம் குறைந்த இடங்களில் கழிவு மண்ணில் வடிகட்டப்பட நேரமில்லை. பாறை இடுக்கில் இறங்கி, 50 மீற்றர் தள்ளி ஊற்றாக வெளியே வரும். அந்த ஊற்று தெளிவாகவே இருக்கும். "கண்ணாடி மாதிரித் தண்ணி" என்ற நம்பிக்கைதான் இங்கே பெரிய ஆபத்து.

அடுத்தது குளிர். ஈ.கோலை போன்ற குடல் கிருமிகள் சூடான, வெயில் படும் தண்ணீரை விடக் குளிர்ந்த, நிழலான தண்ணீரில் கூடுதல் காலம் உயிரோடு இருக்கும். மூட்டமும் கலங்கலும் வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கின்றன. அதற்கு மேல், வைகாசி தொடங்கி வீசும் தென்மேல் பருவமழையிலும் ஐப்பசி இடிமழையிலும் குழிகள் நிரம்பி வழிகின்றன.

இங்கிருந்து போவது இங்கேயே நிற்பதுமில்லை. காசல்ரீ பக்கமிருந்து வரும் கெகல்கமு ஓயாவும் மவுஸ்ஸாக்கலைப் பக்கமிருந்து வரும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளை அதன் கரையில் இருக்கிறது. நானு ஓயா கொத்மலை ஓயாவோடு கலந்து மகாவலிக்குப் போகிறது; பதுளு ஓயாவும் மகாவலிக்கே.

எங்கள் லயத்துக்கு செப்டிக் டேங்க் இருக்கிறது. போதாதா?

முதலில் அது உண்மையில் செப்டிக் டேங்க்தானா என்று பாருங்கள். அடித்தளம் போடாமல் கல் அடுக்கிய குழிக்கும் இங்கே அதே பெயர்தான். சரியான தாங்கிக்கு நீர் கசியாத அடியும் சுவரும், இரண்டு அறைகளும் (முதல் அறை மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு), உள்வரும் வெளியேறும் இரு வாயிலும் "டி" வடிவக் குழாயும் இருக்க வேண்டும். "டி" உடைந்திருந்தால் மேலே மிதக்கும் ஆடை நேராக வெளியே போகும். உறிஞ்சு குழி சில மாதத்திலேயே அடைபடும். நம் நாட்டில் இதற்கான நியமம் எஸ்.எல்.எஸ். 745.

சரியான தாங்கிகூடக் கிருமியைக் கொல்வதில்லை, திண்மத்தைப் படியவைக்கிறது. வெளியேறும் நீரில் ஈ.கோலை குறைவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக, சில நேரம் அதுவும் இல்லை. மிச்ச வேலையை உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள மண்தான் செய்கிறது. அதனால்தான் தூரம் முக்கியம். கிணறு, ஊற்று, பீலி எதிலிருந்தும் குறைந்தது 15 மீற்றர் என்பது பொதுக் கணக்கு. குழி மேட்டிலும் ஊற்று பள்ளத்திலும் இருந்தால் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். ஊற்றுக்கு நேர் மேலே குழியே இருக்கக் கூடாது.

எப்போது அள்ள வேண்டும் என்று பார்க்க எளிய வழி உண்டு. நீண்ட கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடி வரை இறக்கி, சில நிமிடம் வைத்து மெதுவாக எடுங்கள். துணியில் கறுத்த பகுதி சேற்றின் உயரம். சேறும் மேல் ஆடையும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் பவுசரைக் கூப்பிட வேண்டும். மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்காதீர்கள், பீடி பற்றவைக்காதீர்கள், எந்தக் காரணத்துக்கும் உள்ளே இறங்காதீர்கள். உள்ளிருக்கும் வாயு நிமிடத்தில் மயக்கிக் கொல்லும்.

அள்ளிய சேறு எங்கே போகிறது என்று பவுசர்க்காரரிடம் கேளுங்கள். இரவில் வளைவுப் பாதையோரம் திறந்துவிட்டால், தாங்கி கட்டிய பயன் அத்தனையும் ஓடையில் போனது.

குழி பீலியைக் கெடுக்கிறதா என்று நாமே கண்டுபிடிக்கலாமா?

ஓரளவு. தண்ணீர்த் தடம் பார்க்கப் பயன்படும் ஃப்ளோரசீன் என்ற பச்சைச் சாயத்தை மலகூடத்தில் ஊற்றி, நிறைய நீர் விட்டு, இரண்டு மூன்று நாள் பீலியைக் கவனிக்கலாம். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்கும் கீழே உள்ளவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஊரே பதறும். பச்சை தெரிந்தால் தொடர்பு உறுதி. தெரியாவிட்டால் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது. மழைநாளில் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் கிருமி ஏன் வெளியேறுகிறது?

கணக்கைப் பாருங்கள். சுத்திகரிக்காத கழிவுநீர் 100 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 1 கோடி ஈ.கோலை இருக்கலாம். நன்றாக ஓடும் காற்றூட்டல் நிலையம் 99 வீதத்தை அகற்றும். கேட்க நல்ல எண்தான். ஆனால் மிச்சம் 1 இலட்சம். அதைக் கடைசிக் குளோரின் தொட்டிதான் இறக்க வேண்டும்.

வரிசை இப்படி: கம்பிச் சல்லடை, கொழுப்புப் பொறி, வரத்தைச் சமப்படுத்தும் தொட்டி, காற்றூட்டும் தொட்டி, படிய விடும் தொட்டி, மணல் வடி, குளோரின் தொட்டி. ஒவ்வொன்றிலும் கெடுவது வேறு.

மின்சாரம் போனால் காற்றூதி நிற்கும். சில மணி நேரத்தில் தொட்டி நாறத் தொடங்கும், வேலை செய்யும் நல்ல பற்றீரியாக்கள் மூச்சின்றிச் சாகும், படிய வேண்டிய சேறு மேலே மிதந்து வெளியேறும். ஜெனரேட்டர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு மட்டும் போகும்படி இணைத்திருப்பது சாதாரணம். காற்றூதியையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது கிருமிநாசினி. சலவைக்கூடமும் வாட்டுகளும் ஒரே நேரத்தில் வாளி வாளியாகக் குளோரின் கரைசலைக் கொட்டினால் அதே நல்ல பற்றீரியாக்கள் மடியும். சமப்படுத்தும் தொட்டி போதிய அளவு பெரிதாக இருந்தால் இந்த அடி தணியும்.

மலையகத்தில் அதிகம் பழுதாக்குவது மழை. கூரைப் பீலிகளைக் கழிவுக் குழாயில் இணைத்துவிட்டார்கள் என்றால், ஒரு மணி நேர மழை சேற்றையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். அதன் பிறகு நிலையம் பழைய நிலைக்கு வர நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். மழைக்குப் பிந்திய நாளில் வெளியேறும் நீர் கபில நிறத்தில் பஞ்சு போன்ற துணுக்குகளோடு வந்தால் காரணம் இதுதான். கூரை நீரைப் பிரித்து விடுவது புதிய இயந்திரம் எதையும் விட மலிவான திருத்தம்.

குளோரின் தொட்டியில் 30 நிமிடம் தங்கினால்தான் பலன். நேர்க்குழாய் போல் கட்டி, உள்ளே தடுப்புச் சுவர் வைக்காவிட்டால் தண்ணீர் 5 நிமிடத்தில் குறுக்கே ஓடிவிடும். கலங்கல் நீரில் குளோரின் அழுக்கோடு சேர்ந்து செலவாகும். துணுக்கின் உள்ளே ஒளிந்த கிருமி தப்பும்.

எல்லாம் ஒழுங்காக ஓடினாலும் பிரிந்த சேறு மிச்சமிருக்கும். வெளியே போகாத கிருமியிலும் மருந்திலும் பெரும் பங்கு அதில்தான் குவிகிறது. அதை உலர்த்திப் பூந்தோட்டத்துக்கு உரமாகப் போடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

சட்டத்தில் இதற்கு எல்லை இல்லையா?

ஆஸ்பத்திரிகளுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவை. 2008 வர்த்தமானி நியமப்படி ஆற்றில் விடும் கழிவுநீரில் உயிர்வேதியியல் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மி.கி.யும், இரசாயன ஒட்சிசன் தேவை 250 மி.கி.யும் தாண்டக் கூடாது. இவை அழுக்கின் அளவைச் சொல்லும். கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லாது. பரிசோதனை அறிக்கையில் "நியமத்துக்குள்" என்று இருப்பதை அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

வாய்க்காலில் டி.சி.எல். என்ற குளோரின் தூளோ டெட்டோலோ ஊற்றினால் செத்துப்போகாதா?

போகாது. அழுக்கு நீரில் குளோரின் முதலில் அழுக்கோடு தீர்ந்துவிடும். படலத்தின் மேல்பகுதி செத்து, அடியில் உள்ளது சில நாளில் மறுபடி வளரும். செப்டிக் டேங்குக்குள் போனால் அங்கு நடக்கும் சிதைவும் நிற்கும். குளோரினுக்கு இடம் தெளிந்த தண்ணீரும் கழுவித் துடைத்த தரையும்தான்.

தரையில் மலமோ இரத்தமோ சிந்தினால்: முதலில் கடதாசியால் ஒற்றி எடுத்துத் தொற்றுக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடுங்கள். பிறகு 0.5 வீதக் குளோரின் கரைசலை ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். 30 வீதத் தூளென்றால் 1 லீற்றர் நீருக்கு 17 கிராம். கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும்.

ஆய்வுகூடக் கழிவை ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் இயந்திரம்) 15 இறாத்தலில் வைத்தால் போதும்தானே?

கொழும்பில் போதும். நுவரெலியாவில் போதாது. ஆஸ்பத்திரிகளில் தவறிப்போகும் விஷயம் இது, ஆகவே விவரமாகச் சொல்கிறோம்.

வளர்த்த கிருமித் தட்டுகள் ஆஸ்பத்திரியிலேயே ஆபத்தான கழிவு. ஒரு தட்டில் கோடிக்கணக்கில், அதுவும் எந்த மருந்துக்கும் அடங்காதது என்று பெயர் குறித்தே இருக்கும். அதைக் கொல்ல 121 பாகை செல்சியஸ் நீராவி தேவை. கடல்மட்டத்தில், அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் காட்டும்போது உள்ளே 121 பாகை இருக்கும். ஆனால் மானி காட்டுவது வெளிக் காற்றுக்கு மேலான அழுத்தத்தை மட்டும். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் வெளிக் காற்றின் அழுத்தமே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே மானி 15 காட்டினால் உள்ளே இருப்பது சுமார் 118 பாகை. மூன்று பாகைதானே என்று விட முடியாது: 121இல் 15 நிமிடத்தில் முடியும் வேலைக்கு 118இல் ஏறக்குறைய 30 நிமிடம் வேண்டும். 121ஐ எட்ட மானி 18 இறாத்தல் காட்ட வேண்டும். இயந்திரம் அந்த அழுத்தத்துக்கு அனுமதிக்கப்பட்டதா என்று முதலில் தகட்டைப் பாருங்கள், அடைப்பானைத் திருகி ஏற்றாதீர்கள். அனுமதி இல்லையென்றால் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

வெப்பநிலையை நேரே அளந்து ஓடும் புதிய இயந்திரங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எதுவானாலும் சூட்டைத் தாங்கும் ஜியோபசிலஸ் பற்றீரியாவின் வித்திகள் உள்ள சோதனைப் பட்டையை மூட்டையின் நடுவில் வைத்துச் சோதித்தால்தான் உறுதி. பையை இறுகக் கட்டினால் காற்று உள்ளே அகப்பட்டு, நீராவி நடுவுக்குப் போகாது. வாய் தளர்ந்திருக்கட்டும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்கிறார்களே, அப்போது கிருமி சாகுமா?

சாகும். நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையில் கொதிக்கிறது, ஹட்டனில் சுமார் 96. ஈ.கோலை போன்றவை 70 பாகைக்கு மேலேயே விரைவாகச் செத்துவிடும். மருந்தைத் தாங்கும் கிருமிக்குச் சூட்டைத் தாங்கும் சக்தி கூடுவதில்லை, குளோரினும் அப்படியே. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2,000 மீற்றருக்கு மேலே மூன்று நிமிடம். கொதித்தபின் எந்தப் பாத்திரத்தில், எந்தக் கையால் அள்ளுகிறோம் என்பதில்தான் மறுபடி கெடுகிறது. மூடியும் குழாயும் உள்ள பாத்திரம் நல்லது.

தோட்டத் தண்ணீர்த் தாங்கிக்கு எவ்வளவு டி.சி.எல்.?

தெளிந்த ஊற்று நீர் 1,000 லீற்றருக்கு 30 வீதத் தூள் 5 கிராம். இது லீற்றருக்கு 1.5 மி.கி. குளோரின். வாளியில் நீர் விட்டுக் கலக்கி, 15 நிமிடம் வைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்தபின் தெளிந்ததை மட்டும் தாங்கியில் ஊற்றுங்கள். சுண்ணாம்பையும் சேர்த்து ஊற்றினால் வால்வு அடைக்கும். 30 நிமிடம் கழித்துத் திறக்கலாம். கடைசி வீட்டுக் குழாயில் மிச்சக் குளோரின் 0.2 முதல் 0.5 மி.கி. வரை காட்ட வேண்டும். நீச்சல் குளத்துக்கு விற்கும் டி.பி.டி. சோதனைப் பெட்டி போதும். பூச்சியம் காட்டினால் 2 கிராம் கூட்டி மறுபடி பாருங்கள்.

ஓடிக்கொண்டே இருக்கும் தாங்கியென்றால் வரத்தை அளக்க வேண்டும். 10 லீற்றர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 14,400 லீற்றர். அதற்கு 72 கிராம் தூள். கரைத்துத் தெளித்து, சொட்டுச் சொட்டாக 24 மணி நேரத்தில் இறங்கும்படி வையுங்கள். காலையில் ஒரேயடியாகக் கொட்டினால் காலையில் குடிக்கிறவர்களுக்கு மணக்கும், மாலைக்குக் குளோரினே இருக்காது.

எங்கே பிழை வரும்? தூளில்தான். வாய் திறந்து கிடக்கும் பை மலையக ஈரத்தில் சில மாதத்தில் பாதி வீரியம் இழந்துவிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் வாளியில், வெயில் படாமல் வையுங்கள். தகரம் துருப்பிடிக்கும். மழைக்குப் பின் கலங்கல் வந்தால் தூளைக் கூட்டிச் சமாளிக்க முயல வேண்டாம். வரத்தை அடைத்து, தெளியும்வரை குடிநீரைக் கொதிக்கவையுங்கள்.

கோழி எருவுக்கும் இதற்கும் என்ன?

கோழிப் பண்ணைகளில் அன்டிபயோட்டிக் பாவிப்பதால் எருவிலும் எதிர்ப்புள்ள கிருமி உண்டு. நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் லொறி லொறியாக இறங்குவது இந்த எருதான். பச்சையாகப் போட்டால் மழையில் நேராக ஓடைக்குப் போகும்.

மக்கவைக்கும் முறை: எருவோடு காய்ந்த புல் அல்லது மரத்தூள் கலந்து, குறைந்தது 1 மீற்றர் உயரக் குவியலாக, மழை நனையாமல் மூடுங்கள். கையில் பிழிந்தால் ஓரிரு துளி வரும் ஈரம் சரி. குவியலின் நடுவில் 55 பாகையை எட்டிய நிலையில் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் 5 முறை புரட்ட வேண்டும். இங்குள்ள இரவுக் குளிரில் வெளித்தோல் சூடேறாது. புரட்டும்போது வெளியில் உள்ளது உள்ளே போகாவிட்டால் அந்தப் பகுதி பச்சை எருவாகவே மிஞ்சும். சூட்டுமானிக் கம்பி இல்லாமல் கையை வைத்துச் சொல்வது ஊகம். மக்கவைத்தால் கிருமி பெரிதும் குறையும், மரபணு முழுவதும் ஒழியும் என்று சொல்ல முடியாது.

பச்சை எரு போட்டால் மண்ணைத் தொடும் பயிரை 120 நாளுக்கு முன் பறிக்கக் கூடாது என்பது சேதன விவசாயத்தில் பாவிக்கும் கணக்கு. கரட் அதற்கு முன்பே தயாராகிவிடும். ஆகவே கரட்டுக்குப் பச்சைக் கோழி எரு சரிவராது. பறித்த கரட்டை நகரத்துக் கான் கலக்கும் ஓடையில் கழுவினால் எருவில் தவிர்த்தது கழுவலில் வந்து ஒட்டும். சமைத்தால் பயமில்லை, பச்சையாகத் தின்னும் சலாது, கரட், வெங்காயத்தாள் ஆகியவற்றைக் கொதித்தாறிய அல்லது குளோரின் போட்ட நீரில் கழுவுங்கள்.

ஆற்றில் குளித்தால் வருமா?

விழுங்கினால் குடலில் வந்து தங்கலாம். திறந்த காயத்திலும் ஏறலாம். ஆஸ்பத்திரிக் குழாய் விழும் இடத்துக்குக் கீழே பிள்ளைகளைக் குளிக்க விட வேண்டாம். துணி துவைப்பதில் ஆபத்து குறைவு.

அம்மாவுக்கு "ஈ.எஸ்.பி.எல்." என்று கிளினிக் கொப்பியில் எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அம்மாவைத் தனிக் காம்பராவில் அடைக்கத் தேவையில்லை, தட்டு கோப்பை பிரிக்கத் தேவையில்லை. பிள்ளைகள் மடியில் ஏறலாம். கிருமி குடலில் மாதக்கணக்கில் நோய் எதுவும் தராமல் இருந்து, பெரும்பாலும் தானாகவே குறையும். அதை விரட்ட அன்டிபயோட்டிக் கேட்டு வாங்க வேண்டாம். அது இன்னும் பெருக்கும்.

கவனம் எல்லாம் மலகூடத்திலும் கையிலும். மலகூடம் போனபின்னும் சமைக்குமுன்னும் சவர்க்காரம் போட்டு 20 விநாடி கழுவுங்கள். யூரின் பேக் இருந்தால், மூன்றில் இரண்டு பங்கு நிரம்புமுன் மலகூடக் குழியிலேயே வடியுங்கள். வாசல் கானில், பூச்சட்டியில் ஊற்ற வேண்டாம். பையின் வாய் எதிலும் முட்டக் கூடாது, பை எப்போதும் சிறுநீர்ப்பையை விடக் கீழே தொங்க வேண்டும். பம்பர்ஸில் உள்ள மலத்தைக் குழியில் தட்டிவிட்டு, இரண்டு பைகளில் சுற்றிக் குப்பை எடுக்கும் நாளில் கொடுங்கள். தேயிலை மலைக்குள் வீசினால் நாய் இழுத்துவந்து பீலியடியில் போடும். அடுத்த முறை எந்த வைத்தியரிடம் போனாலும் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். மருந்து தெரிவு அதனால் மாறும்.

மிச்ச மாத்திரையை என்ன செய்வது?

கக்கூஸில் போடாதீர்கள், அடுத்த காய்ச்சலுக்கு என்று வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். மருந்து எடுத்த ஆஸ்பத்திரிப் பாமசியில் திருப்பி வாங்குவார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் உறையிலிருந்து பிரித்து, ஈரத் தேயிலைச் சக்கையோடு பிசைந்து, பையில் கட்டிப் பொதுக் குப்பையில் போடுங்கள்.

எங்கள் தண்ணீரில் இந்தக் கிருமி இருக்கிறதா என்று எங்கே பார்க்கலாம்?

முதலில் சாதாரண ஈ.கோலைச் சோதனை செய்யுங்கள். குடிநீர் 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மலம் கலக்கிறது; அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் செய்ய வேண்டியது ஒன்றேதான். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடமோ எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகமோ வழி சொல்லும்.

மாதிரி எடுக்கும்போது: கிருமி நீக்கிய போத்தல், குழாயென்றால் வாயைத் துடைத்துச் சுட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டு எடுக்க வேண்டும். குளோரின் போட்ட நீரென்றால் போத்தலில் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே கிருமி செத்து "சுத்தம்" என்று பொய் அறிக்கை வரும். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது, 24 மணி தாண்டக் கூடாது.

எதிர்ப்பையே அளக்க விரும்பும் பள்ளிக்கூட, பல்கலைக்கழகக் குழுக்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு முறையை வெளியிட்டது. நீரை வடித்து, ஈ.கோலை வளரும் ஊடகம் ஒன்றிலும், அதே ஊடகத்தில் லீற்றருக்கு 4 மி.கி. செஃபோடாக்ஸிம் சேர்த்த இன்னொன்றிலும் வளர்த்து எண்ணுகிறார்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஈ.எஸ்.பி.எல். பங்கு. ஆஸ்பத்திரிக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். வளர்த்த தட்டுகளை வகுப்பறையில் வைத்துக்கொள்ளவோ குப்பையில் போடவோ கூடாது. ஓட்டோகிளேவ் உள்ள ஆய்வுகூடம் இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

ஆஸ்பத்திரிக் குழாயிலிருந்து கறுப்பு நீர் வருகிறது. யாரிடம் சொல்வது?

முதலில் அந்த ஆஸ்பத்திரியின் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியிடம். காற்றூதி நின்றது மேலிடத்துக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. அசைவில்லையென்றால் பி.எச்.ஐ., எம்.ஓ.எச்., பிறகு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகம். "நாறுது" என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். திகதி, நேரம், அன்று மழையா, குழாய்க்கு மேலே தண்ணீர் எப்படி, கீழே எப்படி, அடையாளம் தெரியும் இரண்டு படங்கள் ஆகியவற்றைச் சேருங்கள்.

அரச ஆஸ்பத்திரியென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவை நான்கு: சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தின் பிரதி, கடந்த 12 மாதக் கழிவுநீர்ப் பரிசோதனை அறிக்கைகள், குளோரின் தினப் பதிவேடு, சேறு அள்ளிய திகதிகளும் அது கொண்டுபோன இடமும்.